தேநீர்க் கோப்பையில் வெள்ளை பியர்

எங்கள் வீட்டில் பியரைத் தேநீர்க் கோப்பையில்தான் குடிக்க வேண்டும். இது என் மனைவி போட்ட சட்டம். கொழும்பு வெள்ளவத்தையில் கடலுக்கு இறங்குகிற ஒழுங்கை ஒன்றில், மாடிக் குடியிருப்பின் மூன்றாம் தளத்தில் இருக்கிறோம். எங்கள் பல்கனிக்கு நேர் எதிரே இன்னொரு மாடி. அங்கே இருக்கும் அம்மா கோயில் மாதர் சங்கத்தில் முக்கியமான ஆள். அவருக்குப் பொழுது போவதே எங்கள் பல்கனியைப் பார்த்துத்தான். கண்ணாடிக் கிளாசோடு இரண்டு ஆண்கள் உட்கார்ந்திருந்தால் அடுத்த வெள்ளிக்கிழமைப் பூசைக்குள் ஒழுங்கை முழுவதும் தெரிந்துவிடும். பூப்போட்ட பீங்கான் கோப்பை என்றால், இரண்டு கிழடுகள் தேத்தண்ணி குடிக்குதுகள் என்று விட்டுவிடுவார் என்பது மனைவியின் கணக்கு. அவர் அப்படி நம்பினாரா இல்லையா என்று நாங்கள் விசாரிக்கப் போகவில்லை.

என் நண்பனுக்கு இந்தச் சட்டம் கொஞ்சமும் பிடிக்காது. அவன் கொட்டாஞ்சேனைக்காரன். துறைமுகத்துக்கு வரும் சரக்குகளைப் பார்க்கிற கம்பனி ஒன்றில் நாங்கள் இருவரும் தலை நரைக்கும்வரை அடுத்தடுத்த மேசையில் வேலை செய்தவர்கள். பெல்ஜியத்துக் கோதுமை பியரைக் கோப்பையில் ஊற்றுவது கல்யாணப் பெண்ணைக் கோணிச் சாக்குக்குள் கட்டிக்கொண்டு போவது போல என்று ஒவ்வொரு முறையும் சொல்வான். அந்த பியரின் அழகே அதன் கலங்கல்தான். அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி வெளிறிப் போய், மேலே வெள்ளை நுரை கட்டி நிற்கும். எங்கள் வீட்டில் அதைப் பார்க்க வழியில்லை. மணந்தும் குடித்தும்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இந்தப் பைத்தியம் கொட்டாஞ்சேனையில் அவன் வீட்டில்தான் தொடங்கியது. அவன் தங்கச்சி கலியாணம் முடித்து பெல்ஜியத்தில் இருக்கிறாள். ஒரு நத்தார்ப் பண்டிகைக்கு வந்தபோது, சேலைகளுக்கு நடுவே சுற்றி இரண்டு போத்தல் கொண்டுவந்தாள். கோதுமையில் செய்தது, கொத்தமல்லியும் ஒரேஞ்சு எனும் தோடம்பழத்தின் தோலும் போட்டது என்று அவள் விளக்கியதும் எனக்குச் சிரிப்பு வந்தது. கோதுமை மாவும் கொத்தமல்லியும் எங்கள் குசினியில் கிடக்கிற சாமான். இதற்காகவா விமானம் ஏறி வந்தது என்று கேட்டேன். ஒரு வாய் குடித்துவிட்டு, தடிமன் காய்ச்சலுக்குக் குடிக்கிற கொத்தமல்லித் தண்ணியில் சோடா கலந்திருக்கிறார்கள் என்றேன். வீடே சிரித்தது. ஆனால் இரண்டாவது வாய்க்கு நான் சிரிக்கவில்லை. தோடம்பழத்தை உரிக்கும்போது தோலிலிருந்து ஒரு சாறு தெறிக்குமே, அந்த மணம் மூக்கில் ஏறி, அது போனபிறகு மெதுவாகக் கொத்தமல்லி வந்தது.

அதற்குப் பிறகு நாங்கள் விட்டபாடில்லை. கொழும்பில் எங்களுக்கு அகப்பட்டவை மூன்று. தங்கச்சியும் அவளுக்குத் தெரிந்தவர்களும் கொண்டுவருகிற அசல் சரக்கு ஒன்று. இந்தியாவில் பெல்ஜிய முறையில் செய்து, இங்கே சுப்பர் மார்க்கெட்டின் மதுபானப் பகுதியில் விற்கிறது ஒன்று. இங்கேயே சின்ன அளவில் ஒருவர் காய்ச்சி, அதே பாணி என்று பெயர் ஒட்டுகிறது இன்னொன்று. சுப்பர் மார்க்கெட்டில் நிற்பவன் எங்களைக் கண்டாலே 'சுது பியர் அய்யலா' என்று சிங்களத்தில் சொல்லிச் சிரிப்பான். வெள்ளை பியர் அண்ணன்மார் என்பது அவன் எங்களுக்கு வைத்த பெயராகிவிட்டது.

மாதம் ஒரு சனிக்கிழமை பின்னேரம் நண்பன் கோட்டை ஸ்டேஷனில் ரயில் ஏறி வருவான். போத்தல்களைப் பழைய பத்திரிகையில் இறுக்கிச் சுற்றியிருப்பான். இந்த பியர் வெயில் பட்டால் நாறிப்போகும் என்பது அவன் தங்கச்சி சொல்லிக் கொடுத்த பாடம். ஒருவர் உள்ளே ஊற்றிக்கொண்டு வர, மற்றவர் எது எது என்று சொல்ல வேண்டும். மூக்கு என்னுடையது, வார்த்தை அவனுடையது. நான் கோப்பையை வாயருகே கொண்டுபோகும்போதே சொல்லிவிடுவேன். அவன்தான் அதற்குப் பேச்சு வைப்பான். அசலைக் குடித்தால் முடிவில் நீர்மோர் போல ஒரு சின்னப் புளிப்பு என்பான். இந்தியச் சரக்கில் கொத்தமல்லி கூடிவிட்டது, ரசம் வைத்த வீட்டுக்குள் நுழைந்த மாதிரி என்பான். உள்ளூர்க்காரன் காய்ச்சியதில் கனிந்த கோழிக்கூட்டு வாழைப்பழமும் கராம்பும் மணக்கிறது என்று அவன் சொன்னபோது நான் மறுபடி குடித்துப் பார்த்தேன். அப்படியே இருந்தது.

பிறகு அந்தக் காய்ச்சல் வந்தது. ஊர் முழுக்க வந்ததுதான், எனக்கும் வந்தது. மனைவி கொத்தமல்லியும் இஞ்சியும் அவித்துக் கொண்டுவந்து தந்தாள். குடித்துவிட்டு, கொத்தமல்லி போட மறந்துவிட்டாயா என்று கேட்டேன். அவள் சட்டியைக் கொண்டுவந்து காட்டினாள். அடியில் ஒரு கை கொத்தமல்லி வெடித்துக் கிடந்தது. காய்ச்சல் விட்டது, இருமல் விட்டது. எல்லாருக்கும் போனது போல எனக்கும் மணம் போயிருக்கிறது, எல்லாருக்கும் வந்தது போல வந்துவிடும் என்றிருந்தேன். எல்லாருக்கும் வந்தது.

டொக்டர் மூக்குக்குள் குழாய் விட்டுப் பார்த்தார். நரம்பு பாதித்திருக்கிறது, வரலாம், வராமலும் போகலாம் என்றார். தினமும் காரமான மணமுள்ள சாமான்களை முகர்ந்து பழகச் சொன்னார். வெளியே வந்து, காலி நகரத்துக்குப் போகிற பெரிய வீதியில் நின்றபோது, பஸ்கள் கக்குகிற புகை முகத்தில் அடித்தது. கண் எரிந்தது. அவ்வளவுதான்.

மணம் இல்லாவிட்டால் என்ன குறை, கண் போகவில்லையே என்று பலர் எனக்கு ஆறுதல் சொன்னார்கள். சோறு வெறும் சூடும் உப்பும் ஈரமுமாகிவிட்டது. மீன் குழம்பும் பருப்பும் ஒன்று. அடுப்பில் கறி கருகுவது பக்கத்தில் நிற்கிற எனக்குத் தெரியவில்லை; மனைவி அறைக்குள்ளிருந்து ஓடிவந்தாள். கால்வாய் நாற்றம் உங்களுக்கு மட்டும்தான் இல்லை, கொடுத்து வைத்தவர் என்று அவள் முதலில் பகிடி பண்ணினாள். பிறகு பண்ணவில்லை. எல்லாவற்றிலும் கொடியது, என் மேல் என்ன மணக்கிறது என்று எனக்கே தெரியாததுதான். பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர் எழும்பி வேறு இடத்துக்குப் போனால் நானும் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிடுவேன். சட்டையை மாற்றி மாற்றிப் போட்டேன். ஆட்கள் கூடுகிற இடங்களுக்குப் போவதைக் குறைத்தேன். உயிரோடு இருக்கிறேன், ஆனால் எதற்குள்ளும் இல்லை என்ற எண்ணம் காலையில் கண் விழிக்கும்போதே வந்து பக்கத்தில் படுத்துக்கொள்ளும்.

நண்பன் சும்மா இருக்கவில்லை. டொக்டர் முகரச் சொன்னது காரமான சாமான்தானே, நம் பியரில் இருப்பதும் அதுதானே என்று சொல்லிக்கொண்டு, சனிக்கிழமைகளைத் திரும்பத் தொடங்கினான். இப்போது மாதம் ஒருமுறையல்ல, இரண்டு மூன்று முறை வந்தான். வந்ததும் ஒரு மூடியில் இடித்த கொத்தமல்லி, இன்னொரு மூடியில் காய்ந்த தோடம்பழத் தோல். முதலில் இவை, பிறகு பியர். நான் முகரும்போது என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பான். பரீட்சை எழுதுகிற பிள்ளையை வாசலில் நின்று பார்க்கிற தகப்பன் மாதிரி அவன் இருப்பான். எனக்கு அதைத் தாங்க முடியவில்லை. கோப்பைக்குள் குளிர் இருந்தது, நாக்கைக் குத்துகிற வாயு இருந்தது, கொஞ்சம் கசப்பு இருந்தது. வேறு ஒன்றும் இல்லை. மூன்று பியரும் ஒன்றாகவே இருந்தன.

ஒரு சனிக்கிழமை, அவன் மழையில் தொப்பலாக நனைந்து வந்திருந்தான். துவாயால் தலையைத் துடைத்துக்கொண்டே மூடியை நீட்டினான். நான் முகர்ந்துவிட்டு, கொஞ்சம் வருகிறது போல இருக்கிறது என்றேன். அவன் துவாயைப் போட்டுவிட்டு உள்ளே ஓடி என் மனைவியைக் கூட்டிக்கொண்டு வந்தான். அவள் என் தலையைப் பிடித்துக்கொண்டு, மெய்யாவோ, மெய்யாவோ என்று இரண்டு தரம் கேட்டாள். பிறகு பிள்ளையார் படத்துக்கு முன்னால் போய்க் கற்பூரம் கொளுத்தினாள். அந்தக் கற்பூரமும் எனக்கு மணக்கவில்லை. இல்லை, சும்மா சொன்னேன் என்று சொல்ல அந்த நேரத்தில் எனக்கு வாய் வரவில்லை.

அதன்பிறகு ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாகக் குணமாகிக்கொண்டு வந்தேன். நோயாளி நானே, மருந்தும் நானே. நாக்கு மிச்சம் இருந்தது. புளிப்பு அசலுக்கு, இனிப்பு இந்தியச் சரக்குக்கு என்று பிடித்துக்கொண்டேன். மற்றதை ஞாபகத்திலிருந்து சொன்னேன். தோடம்பழத் தோல் முன்னுக்கு வருகிறது, ரசம் வைத்த வீடு, வாழைப்பழம் என்று ஒப்புவித்தேன். நண்பன் தலையாட்டினான். வீட்டிலும் குழம்பு மணக்கிறது, சாம்பிராணி மணக்கிறது என்றேன். மனைவியின் முகம் தெளிந்துவிட்டது. இரண்டு பேருடைய சந்தோஷமும் என் வாயில் இருந்தது. அவர்கள் சந்தோஷப்படப் படப் படுக்கையில் அடுத்த முறை சொல்ல வேண்டிய பொய்யைப் பாடமாக்கிக்கொண்டு கிடந்தேன்.

போன ஆவணியில் நல்லூர்க் கோயில் திருவிழாவுக்குக் கொடியேறியது. அங்கே கொடியேறினால் இங்கே வெள்ளவத்தையில் பாதி வீடுகளில் மீன்சட்டி பரணுக்குப் போய்விடும். தேரும் தீர்த்தமும் முடியும்வரை எங்கள் வீட்டில் முட்டைகூட இல்லை. அந்த நாட்களில் நண்பனும் வரமாட்டான். அவன் கிறிஸ்தவ வேதக்காரன் என்றாலும் எங்கள் விரதம் அவனுக்கு மனப்பாடம். அதற்கு முதல் வாரம் கொண்டுவந்த மூன்று போத்தல்களையும் பிறிஜ்ஜில் வைத்துவிட்டு, தீர்த்தம் முடிந்து பார்ப்போம் என்று போயிருந்தான். நாங்கள் இருவரும் யோசிக்காதது ஒன்று. சாமிக்குப் படைக்கிற பாலும் பழமும் இருக்கிற பிறிஜ்ஜுக்குள் என் மனைவி பியரை வைத்திருப்பாளா? கொடியேற்றத்துக்கு முதல் நாள் பிறிஜ்ஜைக் கழுவித் துடைத்தபோது போத்தல்களை வெளியே எடுத்தாள். நனைந்து கிழிந்த பத்திரிகையை உரித்து எறிந்தாள். போத்தல்களைப் பல்கனி மூலையில், எதிர்மாடிக்குத் தெரியாமல் பழைய பேசினுக்குப் பின்னால் வரிசையாக வைத்தாள். பின்னேர வெயில் கடலிலிருந்து நேராக அடிக்கிற மூலை அது. விரதம் முடிந்ததும் திரும்பத் துடைத்து உள்ளே வைத்துவிட்டாள். போத்தல்தானே, அதில் சொல்ல என்ன இருக்கிறது என்று அவள் என்னிடம் சொல்லவுமில்லை.

விரதம் முடிந்த முதல் சனிக்கிழமை நண்பன் வந்தான். மனைவி உள்ளே மீன் கட்லட் பொரித்துக்கொண்டிருந்தாள். நல்ல மனநிலையில் இருப்பது போல நடித்து நடித்து நான் அன்றைக்கு உண்மையாகவே கொஞ்சம் உற்சாகமாகிவிட்டேன் என்று நினைக்கிறேன். இன்றைக்கு நான்தான் ஊற்றுவேன், நீ கண்டுபிடி என்று அவனை உட்கார்த்தினேன். அவனுக்குப் பின்னால், பல்கனி வாசலில் மறைவாக நின்று முதல் போத்தலைத் திறந்ததும் நுரை பொங்கிப் பல்கனித் தரையெல்லாம் வழிந்தது. நான் சிரித்தேன். அவன் திரும்பிப் பார்த்தான், சிரிக்கவில்லை. கோப்பையை அவன் கையில் கொடுத்துவிட்டு, என்னுடையதில் ஒரு வாய் குடித்தேன். நாக்கில் புளிப்பு கொஞ்சம் தூக்கலாக இருந்தது. ஊற்றியது அசல், புளிக்கத்தான் செய்யும் என்று எனக்குள் முடிவெடுத்துக்கொண்டு, அவன் சொல்லும்வரை காத்திருக்காமல் நானே தொடங்கினேன். தோடம்பழத் தோல் இன்றைக்கு எவ்வளவு பளிச்சென்று வருகிறது பார், அது போனபிறகு மெதுவாகக் கொத்தமல்லி, முடிவில் மோர் என்றேன்.

அவன் கோப்பையை மூக்கருகே வைத்தபடி ஒழுங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கீழே ஒரு ஓட்டோ திரும்ப முடியாமல் முன்னும் பின்னும் போய்க்கொண்டிருந்தது. அது திரும்பிப் போகும்வரை பார்த்துவிட்டு, ஆமாம் மச்சான், அப்படித்தான் இருக்கிறது என்றான். கோப்பையில் இருந்ததைக் குடித்தான். இரண்டாவதை ஊற்றினேன், அதையும் குடித்தான். மூன்றாவதையும். நடுவில் ஒரு தரம் கண்ணை இறுக்கி மூடித் திறந்தான். வயதாகிவிட்டது, குளிர் பல்லில் கூசுகிறதாக்கும் என்று நான் நினைத்தேன்.

மனைவி கட்லட் தட்டோடு வந்தவள் வாசலிலேயே நின்றாள். சேலைத் தலைப்பை எடுத்து மூக்கில் வைத்தாள். கீழே கழிவுக் கானுக்குள் ஏதும் செத்துக் கிடக்கிறதோ என்று கேட்டுக்கொண்டு பல்கனி விளிம்பில் போய் எட்டிப் பார்த்தாள். பிறகு தரையில் வழிந்து கிடந்ததைப் பார்த்தாள். குனிந்து என் கையிலிருந்த கோப்பையை வாங்கி மணந்தாள். முகத்தைச் சட்டென்று பின்னுக்கு இழுத்தாள்.

"அண்ணை, இதையோ குடிச்சனீங்கள்?"

அவள் வெறும் போத்தல்களைப் பார்த்தாள். அவளுக்கு உடனே விளங்கிவிட்டது.

"ஐயோ, கொடியேறேக்க நான்தான் வெளியில எடுத்து வைச்சனான். சாமிப் பாலோட எப்பிடி வைக்கிறது எண்டு... வெயில்ல பழுதாப் போச்சுது போல. வயித்துக்கு ஏதும் செய்யுமோ தெரியேல்ல."

பேசிக்கொண்டே வந்தவள் இடையில் நின்றுவிட்டாள். என் பக்கம் திரும்பினாள். அந்தக் கேள்வி வாயிலிருந்து வருவதற்கு முன்பே அவள் முகத்தில் வந்துவிட்டது.

"உங்களுக்கு மணக்கேல்லையோ?"

நான் நண்பனைப் பார்த்தேன். அவன் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தான். எப்போதிருந்து உனக்குத் தெரியும் என்று அவனைத்தான் கேட்டேன்.

"நீ ருசி சொல்லத் தொடங்குன மொத நாளே தெரியும் மச்சான்," என்றான். "தோடம்பழத் தோலு, ரசம் வச்ச வீடு, வாழப்பழம்... எல்லாம் நான் முந்தி சொன்ன வார்த்தைங்க. ஒன்னுகூட ஒன்னோடது இல்ல."

பிறகு ஏன் இந்த நாற்றத்தைக் குடித்தாய் என்று கேட்டேன்.

"நீ குடிச்சிக்கிட்டு இருக்கியே. நான் மட்டும் எப்படி கீழ வைக்கிறது?"

அவனுக்கு என் பொய் தெரியும். அவனுக்காகத்தான் நான் சொல்கிறேன் என்பதும் தெரியும். எனக்காக அவன் அதை வைத்துக்கொண்டு கொட்டாஞ்சேனையிலிருந்து வந்து வந்து போயிருக்கிறான். நான் அவனைச் சந்தோஷப்படுத்துவதாக நினைத்த சனிக்கிழமைகளில் எல்லாம் அவன் என் செத்த வீட்டுக்கு வந்து உட்கார்ந்துவிட்டுப் போயிருக்கிறான். கட்லட்டை யாரும் தொடவில்லை. கொஞ்ச நேரத்தில் அவன் எழுந்து, ரயிலுக்கு நேரமாகிறது தங்கச்சி என்று என் மனைவியிடம் சொல்லிவிட்டு, என் தோளில் கை வைத்து அழுத்திவிட்டுப் போனான். நான் வாசல்வரைகூடப் போகவில்லை.

மனைவி பல்கனித் தரையைக் கழுவினாள். கோப்பைகளைக் கழுவிக் கவிழ்த்தாள். நான் அவள் சண்டை பிடிப்பாள் என்று காத்திருந்தேன். பிடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். விளக்கேற்றிவிட்டு வந்து எனக்கு முன்னால் நின்றாள்.

"அப்ப, அம்மான்ர சீலை?"

அவளுடைய தாய் இரண்டு வருடத்துக்கு முன் எங்களோடு இருந்தபோதுதான் இறந்துபோனவர். கடைசியாகக் கட்டியிருந்த நூல் சேலையை மனைவி தோய்க்காமல் ஒரு பொலித்தீன் பையில் கட்டி அலுமாரியில் வைத்திருந்தாள். சில மாதங்களுக்கு முன், எனக்கு மூக்குத் திறந்துவிட்டது என்று அவள் நம்பிய பிறகு, அந்தப் பையை என்னிடம் கொண்டுவந்தாள். அம்மாவின் மணம் அதில் இன்னும் இருக்கிறதா, இல்லை அது தன் மனப்பிரமையா என்று அவளுக்குத் தெரியவில்லையாம். நீங்கள் ஒருக்கால் பாருங்கோ என்றாள். நான் முகத்தை அந்தச் சேலைக்குள் வைத்து, ஓம், இருக்கிறது, அப்படியே இருக்கிறது என்றேன். அவள் மணம் வெளியே போய்விடக் கூடாதென்று அவசர அவசரமாகப் பையைக் கட்டினாள். அதற்குப் பிறகு அவள் அதை ஒருமுறைகூடத் திறக்கவில்லை. இருக்கிறது என்று நான் சொன்னதை வைத்துக்கொண்டு சேமித்தாள்.

"எனக்கு ஒண்டும் மணக்கேல்லை," என்றேன்.

அவள் அறைக்குள் போனாள். அலுமாரிக் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. பொலித்தீன் சரசரத்தது. பையைத் திரும்பக் கட்டுகிற சத்தம் மட்டும் வரவில்லை. நான் எழுந்து போகவில்லை. என்ன கண்டாள் என்று கேட்கவும் இல்லை. என்னிடம் சொல்லி என்ன பயன் என்று அவளும் நினைத்திருக்கலாம்.

காலையில் எழும்பியபோது அந்தச் சேலை தோய்த்துப் பல்கனிக் கொடியில் விரித்துப் போட்டிருந்தது. நுனியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. நான் கிட்டப் போய் அதை முகத்தோடு சேர்த்துப் பிடித்தேன். தோய்த்த சவர்க்காரம் மணந்திருக்கும். எனக்குக் குளிர்ந்தது, அவ்வளவுதான்.